ஏட்டில் 3,90,000, வங்கியில் 45,000

கேள்வி

மதிப்பிற்குரிய ஐயா,

உச்சிப்புளி பக்கம் எங்கள் ஊர். சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்த நான், அப்பாவின் உடல்நிலை காரணமாக ஊர் திரும்பினேன். 2025 ஏப்ரலில் ராமநாதபுரத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, தொழில்நுட்ப ஆலோசனையும் பயிற்சியும் தரும் சிறு நிறுவனத்தைத் தொடங்கினேன். மண்டபத்தில் ஒரு கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம், ராமேஸ்வரத்தில் இரண்டு தங்கும் விடுதிகள், கீழக்கரையில் ஒரு மொத்த வியாபாரக் கடை ஆகியவற்றுக்கு மென்பொருளும் கணினி ஏற்பாடுகளும் செய்து தருகிறேன். மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் டேலி, எக்செல், பைத்தான் வகுப்புகள் நடக்கின்றன. ஒரு தனியார் கல்லூரியும் பருவந்தோறும் மாணவர்களை எங்களிடம் அனுப்புகிறது.

மார்ச் 31 வரை போட்ட பில்களின் மொத்தம் ரூ.11,40,000. இதில் ஆலோசனை 6,80,000, பயிற்சி 4,60,000. செலவு 7,50,000. வாடகை 1,20,000, உதவியாளர் சம்பளம் 1,80,000, பத்துப் பழைய கணினிகள், மேசைகள், இன்வெர்ட்டர் 2,60,000, மின்சாரமும் இணையமும் 54,000, பயணம் 72,000, மென்பொருள் சந்தா 44,000, விளம்பரம் 20,000. ஆக, லாபம் 3,90,000. ஆனால் வங்கியில் 45,000 ரூபாய்தான் இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 10,000 மட்டுமே எடுத்தேன்.

என் கணக்குப்படி ஆலோசனையில் 4,74,000 லாபம், பயிற்சியில் 84,000 நஷ்டம். வகுப்பை மூடிவிட்டுத் தங்களுக்கு மட்டும் வேலை பார்த்தால் மாதம் 40,000 தருவதாக ஏற்றுமதி நிறுவனம் சொல்கிறது. அதே நிறுவனம் எனக்கு 1,10,000 பாக்கி; கல்லூரி 75,000 பாக்கி. முத்ரா கடனில் 5 லட்சம் வாங்கி ராமேஸ்வரத்தில் கிளை திறக்கலாமா என்றும் ஓர் எண்ணம். சென்னைக்கே திரும்பிப் போகச் சொல்கிறார் அண்ணன். ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா, குறு, சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவுக்கு 3,000 ரூபாய் கேட்கும் இடைத்தரகரிடம் கொடுக்கலாமா என்பதும் தெரியவில்லை. தினமும் என்ன வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று டைரியில் எழுதும் பழக்கம் உண்டு. அதன் நகலை இணைத்திருக்கிறேன்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

டைரியை அனுப்பியது நல்லதாயிற்று. வரவு செலவுத் தாளை மட்டும் அனுப்பியிருந்தால் நானும் உங்களைப் போலவே, 'பயிற்சியில் நஷ்டம், மூடிவிடுங்கள்' என்று எழுதியிருப்பேன். டைரி வேறு கதை சொல்கிறது.

முதலில் அந்த 45,000 ரூபாய். 'லாபம் எங்கே போனது?' என்று நீங்கள் தனியாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். எங்கும் தொலைந்து போகவில்லை. 3,90,000 லாபத்தில் வீட்டுக்கு எடுத்தது 1,20,000. வராத பாக்கி இரண்டும் சேர்ந்து 1,85,000. ஏற்றுமதி நிறுவனமும் கல்லூரியும் இதுவரை கொடுத்த 4,00,000 ரூபாய்க்குப் பத்து சதவீதம் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி, பிடித்திருக்கிறார்கள், அது 40,000. மூன்றையும் கழியுங்கள், மிச்சம் 45,000. ஒரு ரூபாய் கூடக் குறையவில்லை. உங்கள் கணக்குப் பதிவு சுத்தமாக இருக்கிறது என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த 40,000 உங்கள் பணம். 2025-26 நிதியாண்டில் புதிய வரி முறைப்படி 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரி வராது. உங்கள் வருமானம் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ஆனால் கணக்கு தாக்கல் செய்தால்தான் பணம் திரும்பும். மார்ச் காலாண்டில் பிடித்ததற்கான விவரத்தைப் பிடித்தவர்கள் மே 31-க்குள் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே ஜூன் நடுவில் வருமான வரித் தளத்தில் உங்கள் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, 40,000 முழுவதும் உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லையென்றால், பிடித்தவரின் கணக்காளரை உடனே கேளுங்கள். தொழில்நுட்ப ஆலோசகர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் எளிய வழி 44ஏடிஏ பிரிவில் இருக்கிறது. 50 லட்சம் வரை வரவு உள்ளவர்களுக்கு அது பொருந்தும்; ரொக்க வரவு ஐந்து சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 75 லட்சம் வரை. பயிற்சிக் கட்டணம் அதற்குள் வருமா என்பதை மட்டும் உங்கள் கணக்காளரிடம் ரசீதுகளைக் காட்டி முடிவு செய்துகொள்ளுங்கள். அந்த வழியில் போனால் கணக்குப் புத்தகம் தேவையில்லை என்று யாராவது சொல்வார்கள். வரித்துறைக்குத் தேவையில்லாமல் இருக்கலாம், உங்களுக்குத் தேவை.

இனி அந்த 84,000 நஷ்டம். வாடகை முழுவதையும், மின்சாரம் முழுவதையும், கணினி வாங்கிய 2,60,000 முழுவதையும் பயிற்சியின் தலையில் ஏற்றியிருக்கிறீர்கள். ஆலோசனைக்கு நீங்கள் உட்கார்ந்து வேலை பார்ப்பதும் அதே மாடியில்தானே? வாடகையிலும் மின்சாரத்திலும் ஏறத்தாழக் கால் பங்கு அதற்குப் போக வேண்டும். கணினிகளை ஒரே ஆண்டில் தின்று தீர்க்கவும் முடியாது. வரிக் கணக்கில் கணினிக்குத் தேய்மானம் 40 சதவீதம். அது வேறு விஷயம். தொழில் கணக்குக்கு நான்கு ஆண்டு என்று வையுங்கள். நம் ஊர் உப்புக் காற்றில் பழைய கணினி அதற்கு மேல் தாங்கினால் அதிர்ஷ்டம். ஆண்டுக்கு 65,000 ஆகிறது. இப்படிப் பிரித்தால் பயிற்சிக்கு வாடகை 90,000, மின்சாரமும் இணையமும் 40,000, உதவியாளர் சம்பளத்தில் பாதி 90,000, விளம்பரம் 20,000, கணினித் தேய்மானம் 65,000. இவை போக 1,55,000 மிஞ்சுகிறது. ஆலோசனையில் மிஞ்சுவது 4,30,000. நஷ்டம் என்று நீங்கள் எழுதிய இடத்தில் ஒன்றரை லட்சம் லாபம் இருக்கிறது.

இதோடு நிறுத்தினாலும் ஆலோசனைதானே பெரிது என்று கேட்பீர்கள். டைரியைக் கூட்டிப் பார்த்தேன். பயிற்சிக்கு, பாடம் தயாரித்த நேரத்தையும் சேர்த்து, ஆண்டு முழுவதும் நீங்கள் செலவிட்டது 400 மணி நேரம். ஆலோசனைக்கு 1,700 மணி நேரம். வகுத்துப் பாருங்கள். பயிற்சி உங்களுக்கு மணிக்கு 387 ரூபாய் தந்திருக்கிறது. ஆலோசனை தந்தது 253 ரூபாய். நீங்கள் மூட நினைப்பதுதான் அதிகம் சம்பாதித்துக் கொடுக்கிறது.

ஆலோசனை ஏன் இவ்வளவு மலிந்து போனது? அந்த 1,700 மணியில் நீங்கள் பில் போட்ட வேலைக்குச் சென்றது 650 மணிதான். மீதி 1,050 மணி நேரத்துக்கு யாரும் ஒரு பைசா கொடுக்கவில்லை. டைரியில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வருகிறது: 'சின்ன மாற்றம்'. நண்டு வரவுச் சீட்டில் எடைக் கழிவுக்கு இன்னொரு கட்டம், சின்ன மாற்றம். குளிரறை இருப்பை முதலாளியின் கைபேசிக்கு மாலைதோறும் அனுப்ப வேண்டும், சின்ன மாற்றம். கீழக்கரைக் கடையில் பழைய பாக்கிப் பட்டியலைப் பெயர் வரிசையில் இல்லாமல் தெரு வரிசையில் வேண்டும் என்கிறார்கள், அதுவும் சின்ன மாற்றம். ஒவ்வொன்றுக்கும் மூன்று மணி, ஐந்து மணி, ஒரு தடவை இரண்டு நாள். கேட்பவருக்குச் சின்னதாகத்தான் தெரியும். செய்பவர்தான் அதற்கு விலை சொல்ல வேண்டும்.

பயணம் இன்னொன்று. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். போய்வர அரை நாள் போய்விடும். விடுதியில் பிரிண்டர் வேலை செய்யவில்லை என்று கூப்பிட்டதற்குப் போய், காகிதம் சிக்கியிருந்ததை எடுத்துவிட்டு வந்ததாக ஒரு பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டுச் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை. தை அமாவாசைக்கு முதல் நாள் இரவு 11 மணிக்கு வந்த அழைப்பு, கடவுச்சொல் மறந்துபோனது. மறுநாள் அதிகாலை, தீர்த்தமாடிவிட்டு அறையைக் காலி செய்பவர்கள் வரிசையில் நிற்கும்போது, முந்தைய நாள் கணக்கை முடிக்கத் தெரியவில்லை என்று இன்னோர் அழைப்பு.

இலவச அழைப்புகளைக் கடவுச்சொல், பிரிண்டர், நாள் கணக்கு முடிப்பு, பில்லைத் திருத்துவது என்று வகை பிரித்தேன். பாதிக்கு மேல் இந்த நான்கில் அடங்கிவிடுகின்றன. இவற்றில் எதற்கும் நீங்கள் தேவையில்லை. மென்பொருளைப் பொருத்திவிட்டு, அதைப் பயன்படுத்தப் போகிறவருக்கு அரை மணி நேரம் காட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். அந்த ஊழியர் மூன்று மாதத்தில் வேறு விடுதிக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு உங்கள் தொலைபேசி எண் மட்டும் தெரியும். பயிற்சி தருவதையே தொழிலாக வைத்திருப்பவர் வாடிக்கையாளரின் ஊழியருக்குப் பயிற்சி தராமல் விட்டது எனக்கு வியப்புதான்.

இனிமேல் எந்த வேலையை ஒப்புக்கொண்டாலும், ஊழியர் இருவருக்கு உங்கள் மாடியில் ஒரு நாள் பயிற்சி என்பது விலைப்பட்டியலில் தனி வரியாக இருக்கட்டும். கட்டணத்துடன்தான். ஒருவர் விலகினால் மாற்றாள் வரவும் அதே கட்டணம். அதோடு, பொருத்திக் கொடுப்பதும் பராமரிப்பதும் வேறு வேறு என்று எழுத்தில் இருக்க வேண்டும். விடுதிக்கு ஆண்டுப் பராமரிப்பு 12,000 ரூபாய், அதில் மாதம் இரண்டு மணி நேரம் அடக்கம், அதற்கு மேல் மணிக்கு 600 ரூபாய், நேரில் வந்தால் பயணச் செலவு தனி என்று தொடங்கிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள். ஒரு விடுதி விலகினாலும் விலகும். விலகட்டும். உங்கள் 1,050 மணியில் மூன்றில் ஒரு பங்குக்கு, மணிக்கு 400 வீதம் கிடைத்தாலே 1,40,000 ரூபாய். மீதி அழைப்புகள், காசு கொடுக்க வேண்டும் என்றதும் தாமாகக் குறைந்துவிடும். வாட்ஸ்அப்பில் 'அக்கா, ஒரு நிமிஷம்' என்று வருபவற்றை உதவியாளரின் எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அவருக்கு மாதம் 15,000 கொடுக்கிறீர்கள். டைரியில் அவர் பெயர் வருவதே அபூர்வம்.

அடுத்து, மண்டபத்து நிறுவனம். மாதம் 40,000 என்றதும் மனம் சாய்ந்திருக்கிறது, கடிதத்தில் தெரிகிறது. ஆண்டுக்கு 4,80,000. இப்போது நீங்கள் ஈட்டுவது, மேலே சொன்ன இரண்டையும் கூட்டினால், 5,85,000. உங்கள் உழைப்பு மொத்தம் 2,100 மணி. இன்றைக்கு மணிக்கு 278 ரூபாய் கிடைக்கிறது. அதே நேரத்தை அவர்களுக்கே கொடுத்தால் 228. குறைந்த கூலிக்கு முழுநேர வேலை. வருங்கால வைப்பு நிதி இல்லை, பணிக்கொடை இல்லை, விடுப்பு பற்றிப் பேச்சில்லை. இதற்குச் சென்னை வேலையே மேல். இன்னொன்றும் இருக்கிறது: 1,10,000 ரூபாயைச் செப்டம்பரிலிருந்து நிறுத்தி வைத்திருப்பவர்கள், மாதாமாதம் முதல் தேதி 40,000 தருவார்கள் என்று எதை வைத்து நம்புவது?

அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. 2025 ஆகஸ்டு 27 முதல் இந்தியப் பொருட்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது கடல் உணவு ஏற்றுமதியாளர்கள் எல்லோரும்தான் திணறினார்கள். உங்கள் பில்கள் நின்றதும் அந்த நேரத்தில்தான். அவர்கள் நெருக்கடியில் ஐஸ் கம்பெனிக்குக் கொடுத்தார்கள், கூலிக்குக் கொடுத்தார்கள், உங்களுக்குக் கொடுக்கவில்லை. காரணம், நீங்கள் வேலையை நிறுத்தவில்லை. ஐஸ் கம்பெனி நிறுத்தியிருக்கும்.

இதற்குத்தான் உத்யம் பதிவு. 2020 ஜூலை 1 முதல் இருக்கும் இந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான், வங்கி விவரம் வைத்துக்கொண்டு அரசின் தளத்தில் நீங்களே முடித்துவிடலாம். இடைத்தரகருக்கு 3,000 கொடுத்துவிடாதீர்கள். பதிந்த குறுந்தொழிலுக்கு, 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தைத் தள்ளிப்போட முடியாது. ஒப்பந்தம் இல்லையென்றால் கெடு 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டு வட்டி. கொடுக்காதவர்மீது இதற்கான அரசின் தளத்தில் முறையிடலாம். பதிவுக்கு முந்தைய பில்களுக்கு இந்தப் பாதுகாப்பைக் கோருவது கடினம். ஆகவே இதை நாளைக்கே செய்துவிடுங்கள்.

வட்டியைவிட அவர்களுக்கு உறைக்கும் விஷயம் இன்னொன்று இருக்கிறது. வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் 2023-24 நிதியாண்டு முதல் ஒரு விதி வந்தது. குறு, சிறு தொழில்களுக்குத் தர வேண்டியதைக் கெடுவுக்குள் தராவிட்டால், அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. கொடுத்த ஆண்டில்தான் காட்டலாம். வாங்கியவரின் லாபம் கூடி, வரியும் கூடும். அதனால் பிப்ரவரி மாதத்தில் முதலாளியிடம் பேசாதீர்கள், அவருடைய தணிக்கையாளரிடம் பேசுங்கள். உத்யம் எண்ணைப் பில்லின் தலைப்பிலேயே அச்சிடுங்கள். நான் பார்த்தவரை, கெஞ்சி எழுதிய நினைவூட்டல்களைவிட அந்த ஒற்றை வரிக்கு மதிப்பு அதிகம். கல்லூரியிடம் இது அவ்வளவு செல்லாது. அறக்கட்டளை நடத்தும் கல்லூரிக்கு வருமான வரி விலக்கு இருந்தால், செலவு எந்த ஆண்டில் ஏறினால் அவர்களுக்கு என்ன?

பழைய 1,10,000 ரூபாய்க்கு வழி இதுதான். தவணை கேட்பார்கள், மூன்று தவணைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். முதல் தவணை வந்த பிறகுதான் அடுத்த வேலை. புதிய வேலை எதுவானாலும் பாதி முன்பணம், முப்பது சதவீதம் பொருத்தும் நாளில், மீதி ஊழியர் பயிற்சி முடிந்ததும். உங்கள் ஆலோசனை வரவில் சரிபாதி, 3,40,000, இந்த ஒரே இடத்திலிருந்து வருகிறது. இந்த ஆண்டு அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைக்கப் பாருங்கள்.

காலமும் கவனிக்க வேண்டியது. நம் கடற்கரையில் தொழில் செய்பவருக்கு ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு ஒன்று, கடலும் கோயிலும் வகுத்த ஆண்டு இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடையில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும். நாட்டுப்படகுகள் போய்வரும் என்றாலும் சரக்கு வரத்து சுருங்கிவிடும். ஏற்றுமதி நிறுவனத்தில் ஆட்களுக்கு நேரம் இருக்கும், கையில் பணம் இருக்காது. பொருத்துவதற்கும் பயிற்சிக்கும் அந்த இரண்டு மாதம் ஏற்றது, வசூலுக்கு ஆகாது. நீங்கள் நேர்மாறாக, தடை முடிந்து படகுகள் இறங்கிய முதல் வாரத்தில் புதிய மென்பொருளை ஓட விட்டிருக்கிறீர்கள். சரக்கு குவியும் நேரத்தில் யார் கற்றுக்கொள்வார்கள்? மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் மே மாதத்தில் முழுக் கட்டணம் கேட்டதும் அப்படித்தான். சேர வந்தவர்கள் திரும்பிப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். பாதியை இப்போதும் மீதியை ஆகஸ்டிலும் வாங்கலாம்.

விடுதிகளுக்கு நாள்காட்டி வேறு. ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை, தை அமாவாசை ஆகியவை பெருங்கூட்டம். கார்த்திகை பிறந்தால் தை வரை ஐயப்ப பக்தர்கள். கோடை விடுமுறையில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். நீங்கள் தொடங்கிய அதே ஏப்ரலில், 6-ஆம் தேதி, பாம்பனில் புதிய தூக்குப் பாலம் திறந்து ராமேஸ்வரத்துக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியதும் சேர்ந்துகொண்டது. இந்த நாட்களில் விடுதியில் எதையும் மாற்றாதீர்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் தேதியை மட்டும் பெருங்கூட்டம் முடிந்த அடுத்த வாரத்தில் வையுங்கள்; பெட்டி நிறைந்திருக்கும்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். அதை மூட வேண்டாம் என்று சொல்கிறேனே தவிர, இருக்கிறபடியே விட வேண்டும் என்று சொல்லவில்லை. கல்லூரி 2,45,000, தனி வகுப்புகள் 2,15,000 என்று இரண்டும் ஏறத்தாழச் சமமாக இருக்கின்றன. ஆனால் தனி வகுப்பில் சேர்பவர் முதல் நாளிலேயே யுபிஐயில் கட்டிவிடுகிறார். கல்லூரி 75,000 பாக்கி வைத்திருக்கிறது. போகப்போக அந்த வரவும் மெலியும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரி மாணவர்களுக்கு அரசே கட்டணமில்லாமல் திறன் பயிற்சி தருகிறது. பைத்தான் அறிமுக வகுப்புக்குக் கல்லூரி உங்களுக்கு எத்தனை ஆண்டு பணம் தரும்? அடுத்த பருவத்துக்குப் பாதி முன்பணம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

தனி வகுப்புக்கு வருபவர்கள் யார் என்று பாருங்கள். வளைகுடாவுக்குக் கிளம்பும் முன் கணக்கு மென்பொருள் கற்க வரும் கீழக்கரை, தொண்டி இளைஞர்கள். விடுதி மேலாளர்கள். கடைப் பிள்ளைகள். உங்கள் இரண்டு விடுதி வாடிக்கையாளர்களும் உங்களிடம் எக்செல் படித்த மேலாளர்கள் வழியாகவே வந்தவர்கள் என்று கடிதத்தின் ஓரத்தில் குறித்திருக்கிறீர்கள். 20,000 ரூபாய் விளம்பரம் கொண்டுவந்த ஆலோசனை வாடிக்கையாளர் ஒருவர்கூட இல்லை. வகுப்பை மூடினால் அந்த வழியும் அடைபடும். பத்துக் கணினிகள் உள்ள அறை ஆண்டுக்கு 400 மணிக்கும் குறைவாகத்தான் நிறைந்திருக்கிறது. நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் சொச்சம். இன்னொரு வகுப்பு நடத்த வாடகை கூடாது, கணினி வாங்க வேண்டாம், மின்கட்டணம் கொஞ்சம் கூடும். டேலி அடிப்படை வகுப்பைக் காலையில் உதவியாளர் எடுக்கட்டும். நீங்கள் விடுதிகளுக்கும் கடைகளுக்கும் ஏற்ற பாடங்களைத் தயாரியுங்கள். இருக்கும் அறை நிறையாதபோது கடன் வாங்கி ராமேஸ்வரத்தில் இன்னோர் அறை எதற்கு? அந்த எண்ணத்தை இந்த ஆண்டு தொட வேண்டாம்.

ஜிஎஸ்டி பற்றி. சேவைத் தொழிலுக்கு நம் மாநிலத்தில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் பதிவு கட்டாயம். நீங்கள் 11,40,000-இல் இருக்கிறீர்கள். ஏற்றுமதி நிறுவனம் பதிவு எண் கேட்பது அவர்கள் வசதிக்கு. நீங்கள் போடும் 18 சதவீதத்தை அவர்கள் உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்வார்கள், அதாவது தாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வார்கள். கீழக்கரைக் கடையும் எடுத்துக்கொள்ளும். மாணவர்களால் முடியாது, கல்லூரியாலும் முடியாது. விடுதிகளாலும் முடியாது: 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்தது, ஆனால் உள்ளீட்டு வரி எடுக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு. நீங்கள் விரும்பிப் பதிந்தால், விடுதிக்கும் மாணவருக்கும் உங்கள் விலை 18 சதவீதம் ஏறிவிடும். தவறாமல் படிவம் நிரப்பும் வேலை தனி. இப்போது வேண்டாம். வரவு 17 லட்சத்தை நெருங்கும்போது எனக்கு எழுதுங்கள்.

அண்ணன் சொல்வது தவறில்லை. சென்னைச் சம்பளத்தோடு ஒப்பிட்டால் இந்த ஆண்டு நீங்கள் தோற்றிருக்கிறீர்கள். ஆனால் அப்பாவை விட்டுப் போகும் நிலையில் நீங்கள் இல்லை என்பதும் கடிதத்திலேயே இருக்கிறது. அதை எடைபோட எனக்கு உரிமை இல்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன். இந்த மாதம் முதல் உங்களுக்கென்று 20,000 ரூபாய் சம்பளம் எழுதி, தனி வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். வாடகை, உதவியாளர், மின்சாரம், சந்தா என்று மாதம் தவறாமல் போகும் செலவு ஏறத்தாழ 33,000. மூன்று மாதச் செலவுக்கு ஒரு லட்சம் கையிருப்பாக இருக்க வேண்டும். திரும்பி வரும் வரிப் பணமும் பழைய பாக்கியும் முதலில் அங்கே போகட்டும். செப்டம்பர் 30-இல் அரையாண்டுக் கணக்கைப் போட்டு, சம்பளமும் எடுத்து, கையிருப்பும் சேர்ந்து, இலவச மணி நேரம் பாதியாகக் குறைந்திருந்தால் தொடருங்கள். மூன்றும் நடக்கவில்லையென்றால் வேலைக்கு விண்ணப்பிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்தே பார்க்கும் வேலைகளையும் சேர்த்துத் தேடலாம்.

இப்போது தடைக்காலம். ஏற்றுமதி நிறுவனத்தில் எல்லோருக்கும் உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். உத்யம் பதிவை முடித்துவிட்டு, தவணைத் தேதிகளையும் பராமரிப்பு விதிகளையும் இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டு மண்டபத்துக்குப் போங்கள். போவதற்கு முன் வரைவை எனக்கு அனுப்பினால், சட்ட வாசகங்களைச் சரிபார்த்துத் தருகிறேன். 'சின்ன மாற்றம்' என்றால் அதிகபட்சம் எத்தனை மணி நேரம் என்பதை அதில் எழுத மறக்காதீர்கள்.